சந்தனப் பொட்டு வைத்த லேப்டாப்

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

இன்று காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, கோவில்பட்டியில் பூமி சுற்றுவதை நிறுத்தியது. வெளியூர்க்காரர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த மூன்று பேர் இதற்குச் சாட்சி.

முதல் சாட்சி அடியேன் நெல்லையப்பன். வயது அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் உழைத்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பதினோராயிரம் வோல்ட் கம்பிகூட என்னைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கும். இரண்டாவது சாட்சி என் அக்கா உலகம்மாள். எனக்கு அவள்தான் ஜில்லா கலெக்டர், சுப்ரீம் கோர்ட்டு எல்லாம். மூன்றாவது அவள் மகள் செண்பகவல்லி. காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் வேதியியல் டீச்சர். நின்றுபோனது அவளுடைய லேப்டாப்.

நேற்று சரஸ்வதி பூஜைக்கு அவளுடைய புத்தகங்கள், அக்காவின் தையல் கத்தரி, என் டெஸ்டர், கட்டிங் பிளேயர் இவற்றோடு லேப்டாப்பையும் வைத்திருந்தோம். பூஜையில் ஏறிய பொருளை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இன்று சூடம் காட்டி முடித்ததும் செண்பகம் அதை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே காற்றாடி ‘உய்ய்’ என்றது. திரை மட்டும் கறுப்பு. மறுபடி அழுத்தினாள். மறுபடி ‘உய்ய்’. கறுப்பு.

“நேத்து நல்லாத்தானம்மா இருந்துச்சு” என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அந்தப் பெட்டிக்குள் மூன்று வருட உழைப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் முழுவதையும் சைகை மொழியில் தொண்ணூற்றாறு வீடியோப் பாடங்களாக எடுத்து வைத்திருக்கிறாள். பதினான்காம் தேதி சென்னையில் பாடக்குழு அதைப் பார்க்கப்போகிறது. பிடித்துப்போனால் மாநிலம் முழுக்க உள்ள காது கேளாத பிள்ளைகளுக்கு அது பாடம். தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று குழுவுக்கே தெரியாது. பிரதி எடுத்து வைத்திருந்த தனி டிஸ்க் ஜூன் மாதம் பீரோ மேலிருந்து விழுந்து உயிரை விட்டது. முதல் முப்பது பாடம் மட்டும் பள்ளிக் கம்ப்யூட்டரில் உண்டு. மிச்சம் அறுபத்தாறும் இந்தக் கறுப்புக்குள்.

லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தவன் நான். அதற்கு மேல் இந்த வழக்கில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

வேறொரு பெண்ணாக இருந்தால் இந்நேரம் அழுது கண்ணீரில் கோவில்பட்டிக்கு ஒரு குளம் வெட்டியிருப்பாள். செண்பகம் காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். நடுவில் கோடு போட்டாள். இடப்பக்கம் ‘செய்தது’, வலப்பக்கம் ‘கண்டது’.

என் டெஸ்டரால் சுவர் பிளக்கைச் சோதித்து, இருநூற்று முப்பது வோல்ட்டும் குறைவில்லாமல் வருகிறது என்று அறிவித்தேன். எழுதிக்கொண்டாள். வேறு சார்ஜர் மாட்டினாள். எழுதினாள். சார்ஜரைக் கழற்றிவிட்டு முப்பது விநாடி பொத்தானை அழுத்திப் பிடித்து, பிறகு போட்டாள். எழுதினாள். அடிப்பலகையைத் திறந்து மெமரிப் பட்டையை உருவி, பென்சில் அழிரப்பரால் அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்து மறுபடி பொருத்தினாள். கறுப்பு. அதையும் எழுதினாள்.

“சார்ஜரையும் மாத்தி, மெமரியையும் மாத்தி, ஒரே போடா போட்டுப் பாத்தா என்ன தாயி?” என்றேன்.

“ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு எப்படி மாமா தெரியும்? ஒரு தடவைக்கு ஒண்ணுதான்.”

மின்வாரியத்தில் எங்கள் முறை வேறு. டிரான்ஸ்பார்மர் முனகினால் மூங்கில் கழியால் மூன்று தட்டு. நான்காவது தட்டுக்கு அது பேச ஆரம்பித்துவிடும், அல்லது நாங்கள் ஓட ஆரம்பித்துவிடுவோம். இந்தப் பிள்ளை மட்டும் எங்கள் இலாகாவில் சேர்ந்திருந்தால் ராமேஸ்வரம் முதல் ஓசூர் வரை முப்பது வருடமாக ஒரு பல்பு கண் சிமிட்டியிருக்காது.

நடுவில் ஒரு கேள்வி கேட்டாள். “பூஜைல வச்ச பிறகு யாராச்சும் இதத் தொட்டீங்களா?”

“பூஜைல வச்ச பொருளை எவம்மா தொடுவான்?” என்றேன். ‘வச்ச பிறகு’ என்றுதான் அவள் கேட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

காலையில் இரண்டு தோசையோடு தட்டை விட்டு எழுந்துவிட்டேன். வழக்கமாக ஆறு. அக்கா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மிஷினில் சொருகினார். திரையில் ஒரு நீலக் கட்டம் வந்து நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. நாற்பத்தெட்டு! சித்திரகுப்தனே தன் பேரேட்டுக்கு இவ்வளவு பெரிய பூட்டுப் போட்டிருக்க மாட்டான்.

“இது கம்பெனி பூட்டுக்கா. இந்த டிஸ்க் இந்த மிஷினை மட்டுந்தான் நம்பும். வேற எதுல போட்டாலும் நம்பர் கேக்கும்” என்றார் கடைக்காரர்.

லேப்டாப் புதிதல்ல. பெங்களூரில் ஒரு நிறுவனம் உபயோகித்து முடித்துப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தது. செண்பகம் அங்கேயே நின்று அவர்களுக்குப் போன் போட்டாள். பழைய எண்களையெல்லாம் போன வருடமே அழித்துவிட்டார்களாம். மிகவும் வருந்தினார்களாம்.

“அப்போ மதர்போர்டை மாத்தினா?” என்று கேட்டாள்.

“மாத்தினா அது வேற மிஷின் ஆயிருமே. அப்பவும் பூட்டுத்தான்.”

வெளியே வந்து ஒரு நிமிடம் வெயிலில் நின்றாள். பிறகு சொன்னாள்: “நல்லதாப் போச்சு மாமா. வழி ஒண்ணுதான் இருக்கு. இதே மிஷினை எழுப்பணும். வேற எதையும் யோசிக்க வேண்டாம்.”

ஒன்பது வாசல் அடைபட்டதைக் கண்டு ‘பத்தாவது எது என்று தெரிந்துவிட்டது’ என்று சொல்கிற ஜீவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வழியில் அவளுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாய் அரைக் கிலோ வாங்கிக் கொடுத்தேன்.

“எதுக்கு மாமா இவ்வளவு?”

“சும்மாதான்.”

அக்டோபர் 5, ஞாயிறு

மழை. இன்னொரு கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கினேன்.

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. லேப்டாப்பை நான் சுமந்துகொண்டு செண்பகத்தோடு போனேன்.

அந்தப் பள்ளியில் சத்தம் இருக்காது என்று நினைப்பவர்கள் ஒருமுறை காலை இடைவேளையில் போய்ப் பார்க்கவும். இருநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையால் கதை பேசுகிறார்கள். ஒருவன் அடுத்தவனைக் கிண்டல் செய்வதைப் பத்தடி தூரத்திலிருந்து மூன்றாமவன் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். ரகசியம் பேச வேண்டுமென்றால் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். மீன் சந்தை இதைவிட அமைதி.

அங்கே ஆசீர் சார் என்று ஒருவர். ஓவிய ஆசிரியர், என்னைவிட இருபது வயது இளையவர், பிறவியிலேயே காது கேளாதவர். தொண்ணூற்றாறு பாடங்களிலும் திரையில் வருவது அவருடைய கைகள்தான். பாடத்தைச் செண்பகம் எழுத, அதை எப்படிக் கையால் சொல்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிப்பார்கள். பாதிச் சொற்களுக்குப் பிள்ளைகள் பழகிய சைகையே கிடையாது, இவர்களே உருவாக்கினார்கள். தான் மாறாமல் வேதிவினையைச் சுலபமாக்குகிற ‘வினையூக்கி’ என்பதற்கு இப்படி: இடது கையில் இரண்டு விரல்கள் தள்ளித் தள்ளி நிற்கும். வலது கையின் ஒரு விரல் நடுவே போய் இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டு, தான் எதிலும் ஒட்டாமல் போன மாதிரியே திரும்பி வந்துவிடும். அந்த ஒரு சைகைக்கு நான்கு மாதம் பிடித்தது என்று செண்பகம் சொல்லியிருக்கிறாள். ராஜ்ஜியங்களை இதைவிடச் சீக்கிரம் அமைத்துவிடுவார்கள்.

ஆசீர் சார் நோட்டை முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பைத் தன் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஐந்து நாளாக நாங்கள் எல்லோரும் பழுதைச் சொல்லும் ‘பீப்’ சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு அந்த வேலை இல்லை. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விசைப்பலகையில் ஓர் இடத்தை உற்றுப் பார்த்தார். நான் வைத்த சந்தனப் பொட்டு அங்கே காய்ந்து, குங்குமத்தோடு நாலணா அகலத்துக்கு உட்கார்ந்திருந்தது. பூஜைப் பொட்டு தானாக உதிரும் வரை துடைக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

அவர் செண்பகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“பொட்டை எடுக்கலாமான்னு கேக்காரு. சாமிக்கு வச்சதாச்சேன்னு.”

“தாராளமா எடுக்கச் சொல்லு” என்றேன். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அவர் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். உள்ளே கடுகளவு விளக்கு ஒன்று. இரண்டு முறை சிமிட்டியது, நின்றது. இரண்டு முறை சிமிட்டியது, நின்றது. ஐந்து நாளாக லேப்டாப் தன் நோயைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது; நான் அதன் வாயில் சந்தனத்தை அப்பி வைத்திருக்கிறேன்.

செண்பகம் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினாள். அது கைதட்டலாம். வகுப்பு வாசலில் நின்ற பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தயாரித்த கம்பெனியின் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு சிமிட்டல் என்றால், லேப்டாப்பைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற அடிப்படை நிரல் பாதியில் அறுந்து கிடக்கிறது என்று பொருள். அது எழுந்தால்தான் இயங்குதளத்தை எழுப்பும். அதுவே கோமாவில் கிடக்கிறது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடங்கள் பத்திரம்!

அடுத்த வரியையும் அவள் உரக்கப் படித்தாள். அடிப்படை நிரலைப் புதுப்பிக்கும்போது நடுவில் மின்சாரம் தடைபட்டால் இது நேரும்.

“ஆமா, பூஜை அன்னிக்குக் காலைல புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. போட்டுட்டுத்தான் பூ வாங்கப் போனேன். அதுவா முடிச்சு அதுவா அணைஞ்சிரும்னு நெனச்சேன்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “நடுவுல எப்படி நின்னுச்சு?”

“கரண்டு போயிருக்கும்” என்றேன்.

முப்பத்து மூன்று வருடம் எனக்குச் சோறு போட்ட இலாகாவின் மீது நான் பழி சொன்னேன். மேலே இருக்கிற கம்பி அறுந்து என் தலையில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பராமரிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது.

“கரண்டு போனா என்ன மாமா, உள்ள பாட்டரி இருக்கே. அது நிக்காதே.” நோட்டில் எழுதியபடியே சொன்னாள்: “யாரோ பட்டனை அமுக்கிப் பிடிச்சிருந்தாத்தான் நிக்கும்.”

என்னைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. பேனாவை மூடினாள்.

அக்கா, “கண்ணு பட்டிருக்கும்ட்டீ. ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுத்திப் போடுதேன்” என்றாள். நான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். ஒரு டஜன்.

அக்டோபர் 8, புதன்

இந்தப் பக்கத்தில் எழுதியதைக் கிழித்துவிட்டேன். கடலை மடிக்கக் காகிதம் தேவைப்பட்டது.

அக்டோபர் 9, வியாழன்

கிழித்ததைத் திரும்ப எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் செண்பகம் பள்ளியிலிருந்து வந்து, காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். எழுப்புகிற வழி கிடைத்துவிட்டது. அடிப்படை நிரலை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் சொருகி, இரண்டு பொத்தான்களை அமுக்கிப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்த வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். கம்பெனி தளத்தில் இந்த மாதிரிக்கு ஐந்து பதிப்புகள் கிடக்கின்றன. அன்றைக்குப் பாதியில் நின்றது எதுவோ, அதையே போட வேண்டும். வேறொன்றைப் போட்டால் மிஷின் எழுந்துவிடும், ஆனால் டிஸ்க் அதை அந்நியன் என்று நினைத்து நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கேட்கும் அபாயம் இருக்கிறது.

“திரைல நம்பர் ஓடியிருக்கும் மாமா. நான் பாக்காமப் போயிட்டேன். அஞ்சுல ஒண்ணு. குருட்டாம்போக்குல எப்படிப் போட?” நோட்டை எழுதாமலே தள்ளி வைத்தாள். எட்டு நாளில் முதல்முறை. “அறுபத்தாறு பாடம் மாமா. ஆசீர் சார் கிட்ட என்னன்னு சொல்ல?”

நான் மீட்டர் ரீடிங்கில் வேலையைத் தொடங்கியவன். கண்ணில் பட்ட எண் மண்டையில் ஒட்டிக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. 1989-ல் புதுரோட்டில் பார்த்த மீட்டர்களை இன்றும் வீட்டு வரிசைப்படி ஒப்பிப்பேன்.

“ஒண்ணு புள்ளி மூணு எட்டு” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

“பதிப்பு ஒண்ணு புள்ளி மூணு எட்டு. அறுபத்தொரு சதவீதம். ஒன்பது மணி பதினாலு நிமிஷம்.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். அன்று செண்பகம் பூக்கடைக்குப் போயிருந்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது, எல்லாவற்றையும் பூஜையில் வை என்று அக்கா கத்தினாள். நான் போய்ப் பார்த்தால் லேப்டாப் ‘உய்ய்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது. இது மின்வாரியத்தில் நான் பின்பற்றிய, நூறு லைன்மேன்களுக்கு நானே போட்ட உத்தரவு. ஆயுத பூஜையன்று கருவிக்கு முழு ஓய்வு. அணைக்காதே என்று திரையில் எழுதியிருந்தது உண்மைதான். என் சர்வீஸில் ‘தொடாதே’, ‘அணைக்காதே’, ‘ஏறாதே’ பலகைகள் ஆயிரம் மாட்டியவன் நான். அவற்றை அடுத்தவர்களுக்கு என்று நினைத்தே பழகிவிட்டேன். அறுபத்தொன்று அறுபத்தொன்றிலேயே நின்றது. நேரமோ ஓடுகிறது. பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். செத்தது. பொட்டு வைத்தேன்.

“ஏல நெல்லையப்பா!” என்றாள் அக்கா. கையில் தோசைக் கரண்டி. “எட்டு நாளா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா மிட்டாயா வாங்கிப் போட்ட?”

செண்பகம் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். நோட்டைத் திறந்தாள்.

“எத்தனை விநாடி அமுக்கினீங்க?”

“ஒரு… அஞ்சு, ஆறு இருக்கும்.”

“சார்ஜர் மாட்டியிருந்துச்சா?”

“மாட்டியிருந்துச்சு.”

“ஒண்ணு புள்ளி மூணு எட்டு. மூணு ஆறு இல்லையே?”

“மூணு எட்டு. சத்தியமா.”

எழுதினாள். நான் தலையைக் குனிந்து, “திட்டிரு தாயி” என்றேன்.

“திட்டுவேன். இப்ப இல்ல. அதுவும் இதுவும் ஒண்ணா வேண்டாம்.”

கோபத்தைக்கூட வரிசையில் நிற்கவைத்து டோக்கன் கொடுக்கிறாள்! அறுபத்து மூன்று வருடத்தில் எனக்கு எத்தனையோ அதிகாரிகள் மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஒருவராவது இப்படி உண்டா?

அக்டோபர் 10, வெள்ளி

பள்ளி ஆய்வகத்தில், மத்தியானம் ஒன்றரை மணி. செண்பகம், ஆசீர் சார், நான். பென் டிரைவ் சொருகியாயிற்று. செண்பகம் இரண்டு பொத்தான்களையும் அமுக்கிப் பிடித்தாள்.

“பவரை நீங்க அமுக்குங்க மாமா.”

“நானா?”

“அணைச்சது நீங்கதான? போடுறதும் நீங்களே போடுங்க.”

உயிர் போகிற பதினோராயிரம் வோல்ட் கம்பத்தில் நான் தைரியமாக ஏறியவன். இந்தப் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே அனல் போல் சுட்டது. அமுக்கினேன். அந்தக் கடுகளவு விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. நின்றது. மறுபடி இரண்டு.

பிறகு சிமிட்டவில்லை.

திரை கறுப்பாகவே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. அதற்குள் மூன்று யுகங்கள் முடிந்து நான்காவதில் ஏதோ ஒரு கட்டத்தில் திரையில் வெள்ளைக்கோடு ஒன்று முளைத்தது. ஐந்து சதவீதம். பன்னிரண்டு. முப்பது.

அறுபத்தொன்று.

அங்கே நின்றது. என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய், ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டது. செண்பகம் அதைக் கவனித்துச் சிரித்தாள். இரண்டு நிமிடம் பதினோரு விநாடி நின்றது. அறுபத்திரண்டு என்று வந்தது.

நூறு. அணைந்தது. தானாக எழுந்தது. இயங்குதளத்தின் வட்டம் சுற்றியது. நாற்பத்தெட்டு இலக்க நீலக் கட்டம் வருமா என்று மூச்சைப் பிடித்திருந்தோம். வரவில்லை. செண்பகத்தின் கடவுச்சொல்லைக் கேட்டது, சமர்த்தாக.

ஆசீர் சார் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் தோள் குலுங்கியது. செண்பகம் அழவில்லை. முதலில் அறுபத்தாறு பாடங்களையும் மூன்று தனித்தனி டிஸ்க்குகளில் பிரதி எடுத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து ஓட்டிப் பார்த்தாள். நோட்டில் குறித்தாள். பேனாவை மூடினாள்.

அதன்பிறகு என் பக்கம் திரும்பி, முழுதாகப் பதினைந்து நிமிடம் திட்டினாள். ‘செஞ்சது தப்புன்னுகூடச் சொல்லல, தெரியாமச் செஞ்சுட்டீங்க, எட்டு நாள் சொல்லாம இருந்தீங்களே, முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே வழியைத் தேடியிருப்பேனே’ என்பது சாரம். அதில் ஒரு சொல்கூட வீணில்லை, ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆசீர் சார் வசதியாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளுடைய உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 11, சனி

காது கேளாதவர்கள் ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவருக்குக் கையால் ஒரு பெயர் வைப்பார்கள். ஆசீர் சார் இன்று எனக்கு வைத்தார். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கி, அதே விரலால் நெற்றியில் பொட்டு வைப்பது. ஒரு மணி நேரத்தில் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிடுவதற்கே அதைத்தான் செய்கிறாள்.

அக்டோபர் 13, திங்கள்

சென்னைக்கு ரயில். டிஸ்க் ஒன்று செண்பகத்திடம், ஒன்று ஆசீர் சாரிடம், ஒன்று அக்காவிடம் ஊரில். லேப்டாப் பை என்னிடம். “நம்பித் தாரேன்” என்றாள். ரயில் விருதுநகர் தாண்டும் வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை. டீ கூடக் குடிக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு நீண்ட மேசை. பாடக்குழுவில் ஏழு பேர். சுவரோரமாக ஒரு சென்னைப் பள்ளியிலிருந்து வந்திருந்த காது கேளாத பிள்ளைகள் எட்டுப் பேர், பன்னிரண்டாம் வகுப்பு. பார்த்துச் சொல்வதற்காகவே அழைத்து வந்திருந்தார்கள்.

செண்பகம் பாடத்தை ஓட்டினாள். குழுவில் ஒருவர், “சவுண்டு வரலையேம்மா” என்றார்.

“சவுண்டு கிடையாது சார்.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்று பாடம் காட்டினாள். பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். எழுதி வாங்கித் திருத்தினார்கள். குழுத்தலைவி விடைத்தாள்களை ஒருமுறை புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். “அடுத்த பருவத்திலிருந்தே எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாம்” என்று அவர் சொன்னபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினேன்.

அப்போதுதான் அது நடந்தது. எட்டுப் பிள்ளைகளில் ஒரு பெண், இரட்டைச் சடை, எழுந்து நேராக ஆசீர் சார் முன்னால் வந்து நின்றாள். அவருடைய வினையூக்கிச் சைகையைச் செய்து காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினாள். நான்கு மாதம் யோசித்துச் செய்த சைகையை! பிறகு இடது கையை ஒரு மலைபோல் குவித்து, வலது உள்ளங்கையால் அந்த மலையை அமுக்கித் தாழ்த்தி, விரலால் அதன் மேல் சுலபமாக ஏறி இறங்கிக் காட்டினாள். ஆசீர் சார் மறுத்தார். திரும்பி வருகிற விரல் எங்கே என்று கேட்டார் போலும். அவள் யோசித்தாள். செண்பகம் நடுவில் புகுந்தாள். மற்ற ஏழு பேரும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். பதினெட்டு, இருபது கைகள் ஒரே நேரத்தில். மலை எழுகிறது, தாழ்கிறது, விரல் ஏறுகிறது, ஒட்டாமல் திரும்புகிறது. குழுவினர் தங்கள் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு வழிவிட்டு நின்றார்கள்.

மூன்று வருடப் பாடம், பன்னிரண்டு நாள் உயிர்ப்போராட்டம், சம்மதம் கிடைத்து முழுதாக ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் ஒரு சின்னப் பெண் வந்து பாடத்தைத் திருத்துகிறாள். என் மருமகளின் முகத்தைப் பார்த்தேன். லேப்டாப் எழுந்த அன்றைக்குக்கூட அது அப்படி ஒளிரவில்லை.

அந்த அறையில் ஒன்றும் புரியாமல் நின்றவன் நான். பொறுக்க முடியாமல் செண்பகத்தின் தோளைத் தட்டி, “என்னம்மா சொல்லுது அந்தப் பிள்ளை?” என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொஞ்சம் பொறுங்க என்று கையால் சொன்னாள்.

எனக்கும் புரிந்தது.